மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்

கணவரைப் பிரிந்து, எட்டு வயது மகளுடன் மருதனார்மடத்தில் வாழ்கிறேன். விடுமுறைக்கு அவளைக் குறைந்த செலவில் மலேசியாவுக்குக் கூட்டிப்போக நினைத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பயண முகவரிடம் போனோம்.

"குடும்பமாய்ப் போனால் மலிவு, தங்கச்சி. பிள்ளையின்ரை அப்பா வரேல்லையோ?" என்றார் அவர்.

பிரிவைச் சொல்லக் கூசி, "அவர் உயிரோடை இல்லை" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் விம்மத் தொடங்கினாள்.

"அப்பா எப்ப செத்தவர்? ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

பதறிப்போய் உடனே அவள் அப்பாவுக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா, நீங்கள் இருக்கிறீங்களோ?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மலேசியா போய்வந்துவிட்டோம். இப்போது யார் கேட்டாலும், "நாங்கள் பிரிஞ்சு இருக்கிறம்" என்றே சொல்கிறேன். மகளோ தினமும் தகப்பனுக்குப் போன் எடுக்கச் சொல்கிறாள். மறுக்காமல் எடுத்துக் கொடுக்கிறேன்.