அப்பாவின் உதடுகள்

குமணன்சாவடியில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர் அவர். நரைத்த தாடி, காதில் ஹெட்ஃபோன். கிளிப்பை ஒரு ஃபிரேம் நகர்த்தும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

தங்கை கல்யாணத்தில் அப்பா வாழ்த்தியதை எடுத்த கேமராவில் சத்தம் பதியவில்லை. அப்பா இப்போது இல்லை. இன்னொரு கேமராவில், கூட்ட இரைச்சலுக்கு நடுவே அவர் குரலை நான்தான் கண்டுபிடித்து, அந்த உதடுகளுக்குப் பொருத்தித் தரச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"எங்க வச்சாலும் வாயோட ஒக்கார மாட்டேங்குது சார். இது உங்கப்பா இல்ல, வேற யாரோ பேசிகினு கீறாங்க."

"எங்கப்பா குரல் எனக்குத் தெரியாதா?"

அவர் திரையின் பக்கம் திரும்பினார். ஹெட்ஃபோனை மறுபடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு ஃபிரேம் நகர்த்தினார். பொருந்தாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அப்போது தெரிந்துவிட்டது.