மூன்றாம் ஓலை

சேவூர் பிலவேந்திரன் மகள் ரீனா ஜப்பானிலிருந்து வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை. தனக்குக் கல்யாணம் என்பதை மறுநாள் ஞாயிறு பூசையில், ஊரோடு ஊராக உட்கார்ந்துதான் அவள் தெரிந்துகொண்டாள்.

பூசை முடிகிற நேரம். சேவூரும் அடங்கிய ஆரணிப் பங்கின் கோயிலில் ஃபாதர் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஓலை. கத்தோலிக்கக் கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு சபை நடுவில் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள்.

"செய்யார் பங்கைச் சேர்ந்த ஜோபினுக்கும், நமது பங்கைச் சேர்ந்த பிலவேந்திரன், அந்தோணியம்மாள் தம்பதியரின் மகள் ரீனாவுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. இது இரண்டாம் அறிவிப்பு."

வேறு ஏதோ ரீனா என்றுதான் முதலில் நினைத்தாள். அப்பா பேரும் அம்மா பேரும் ஒன்றாக வந்தபிறகு எப்படி வேறு ரீனா ஆகும்? பக்கத்தில் இருந்த அந்தோணியம்மாள் முந்தானைக்கு அடியில் கையைக் கொண்டுவந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். எழுந்துவிடாதே என்கிற பிடி. எண்பது கிலோ பொம்பளையைத் தூக்கிக் கீழே சாய்க்கிற கை ரீனாவுடையது. அம்மா பிடித்தா நிற்கும்? ஆனாலும் நின்றது. இரண்டாம் அறிவிப்பு என்றால் முதல் அறிவிப்பு போன ஞாயிறே முடிந்திருக்கிறது. போன ஞாயிறு அவள் பனியில் நின்று விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் இங்கே ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது, அவள் ஒருத்தியைத் தவிர.

வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் திறந்தாள்.

"யார கேட்டுப்பா ஓலை குடுத்த?"

பிலவேந்திரன் தறிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தறியில் இறங்கமாட்டார். மின்விசிறியைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"யார கேக்கணும்? பெத்தவன் நான் கீறேன்ல?"

"கட்டிக்கப் போறவ நான் கீறேன்ல?"

"இன்னாடி இது, வந்ததும் வராததுமா பேஜார் பண்ற? திருநீற்றுப் புதன் வந்துகினே கீது. அதுலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம், கல்யாணம் வைக்கக்கூடாது. உனக்கு லீவு மூணு வாரம். நீ வந்தப்புறம் ஓலை ஆரம்பிச்சா நாள் பத்தாது. அதான் ஒண்ணை முன்னாடியே வாசிக்கச் சொன்னேன்."

தீபாவளிக்கு ரயிலில் இடம் பிடித்து வைத்த மாதிரி சொன்னார். அதற்காக அவள் நன்றி சொல்லவேண்டும் என்கிற மாதிரி முகத்தையும் வைத்துக்கொண்டார்.

ரீனாவின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லாவிட்டால் இந்தக் கோபம் புரியாது. பள்ளிக்கூடத்தில் குண்டு எறிகிற பெண். தோள் அகலம். தெருப் பையன்கள் 'பீரோ' என்பார்கள். சென்னையில் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் காலேஜ் கிடைத்தது, அங்கேதான் ரக்பி. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையால் முன்னால் எறியக்கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். அதில் 'ஸ்க்ரம்' என்று ஒன்று. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்கள். முதல் வரிசையில் தலையைக் கொடுத்து நிற்பவள் ரீனா. பிலவேந்திரன் தடுக்கவில்லை. விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலை வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மகள் காக்கி போட்டுக்கொண்டு ஆரணி மார்க்கெட்டில் நிற்பதை அவர் மனசுக்குள் எத்தனையோ முறை பார்த்துவிட்டார்.

வந்தது போலீஸ் வேலை இல்லை. ஒரு போட்டியைப் பார்த்த ஜப்பான் கிளப் ஒன்று கூப்பிட்டது. காலையில் கிளப்பை நடத்துகிற கம்பெனியின் கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் பயிற்சி. சம்பளம், தங்க இடம், ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். துபாய்க்குப் போகிற ஆள் திரும்பி வருகிற மாதிரி, வருஷம் முடிந்ததும் மகள் வந்துவிடுவாள், வந்ததும் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். அவளோ ஒரு வருஷத்தில் மாற்று ஆட்டக்காரியாக இருந்து களத்தில் இறங்குகிற முதல் பதினைந்து பேரில் ஏறிவிட்டாள். அடுத்த ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு. மார்ச் முதல் நாள் மைதானத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அவள் இடத்துக்கு நியூசிலாந்திலிருந்து ஒருத்தி தயாராக இருக்கிறாள். இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொல்லியிருந்தாள். கேட்டுக்கொண்டு "சரி சரி" என்றவர்தான், போனை வைத்துவிட்டுச் செய்யாருக்குப் பஸ் ஏறியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அந்தோணியம்மாள் மகளுக்குத் தலை வாரிவிடுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் இடது காது ஸ்க்ரமில் தேய்ந்து தேய்ந்து, வீங்கிக் கெட்டியாகி, மடித்த அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. முடியை இழுத்து அதன் மேல் விட்டாள்.

"இதுல கம்மல் எப்டி நிக்கும்? பூவ கொஞ்சம் அதிகமா வச்சி மறைச்சிடலாம்."

"காது பத்தி பேசறியேம்மா, கல்யாணம் வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"பையன் நல்லவன்டி."

"நல்லவனாவே இருக்கட்டும். நான் கெட்டவன்னு சொன்னனா?"

அந்த நல்லவனைப் போய்ப் பார்த்துவிடுவது என்று திங்கட்கிழமை செய்யாருக்குப் போனாள். ஜோபின் அங்கே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன், டீக்கடை ஓரம் நின்ற பெண்ணைப் பார்த்ததும் கையில் இருந்த டிபன் பாக்ஸை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். அவன் போட்டோவில் பார்த்த முகம்தான். தோள்தான் போட்டோவில் இவ்வளவு இல்லை.

"வாங்க. முட்டி இப்ப எப்டிங்க இருக்குது?" என்றான்.

"எந்த முட்டி?"

"இல்ல... முட்டி போயிடுச்சி, இனிமே விளையாட முடியாது, ஆட்டத்த விட்டுட்டு வந்துட்டீங்கன்னு உங்கப்பா சொன்னாரே. எங்கம்மா கூட பாவப்பட்டாங்க."

அந்த இடத்திலேயே அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. போன வருஷம் முட்டியில் அடி. உண்மை. இரண்டு மாதம் ஆடவில்லை. மொழி தெரியாத ஊரில், ஆறுதலுக்கு ஆள் இல்லாமல், ஒரு நாள் அம்மாவிடம் போனில் அழுதுவிட்டாள். பயமாக இருக்கிறது, இத்தோடு முடிந்துவிடுமோ என்று. அழுததை அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா அதை எடுத்து, வெட்டி, அளவு பார்த்து, சம்பந்தி வீட்டுக்குத் தோதாகத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

"என் முட்டி நல்லா கீது. மார்ச்சுல ஆடப் போறேன். இந்தக் கல்யாணத்துல எனக்கு சம்மதம் இல்ல. நீங்க உங்க வீட்டுல சொல்லிடுங்க."

ஜோபின் டீக்கடைக்காரரைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான்.

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"ஏன்?"

"நான் சொன்னா பொண்ணை வேணாம்னு சொன்னவன்னு என் பேர் கெட்டுடும். நாளைக்கு யார் பொண்ணு தருவாங்க? நீங்க சொன்னா உங்க பேர்தான் கெடும். நீங்கதான் ஊர்லயே இருக்கப் போறதில்லையே."

நல்லவன்தான். அந்தோணியம்மாள் பொய் சொல்லவில்லை. தன் சட்டையில் ஒரு பொட்டு கறை படாமல் பார்த்துக்கொள்கிற நல்லவன். ரீனா டீக்குக் காசு கொடுத்துவிட்டு, அவனுக்கு வாங்கிய டீயையும் தானே குடித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ஃபாதரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. நாலு கிளைக் கிராமங்களுக்கும் ஒரே ஆளாக மோட்டார் சைக்கிளில் அலைகிறவர். அதனால்தான் இந்தக் கூத்து நடந்தது என்றும் சொல்லலாம்.

"சட்டப்படி பொண்ணையும் பையனையும் உக்காரவச்சி விசாரிச்சிட்டுத்தான்மா ஓலை வாசிக்கணும். நீ ஜப்பான்ல இருந்த. 'பொண்ணை போன்ல கேட்டேன், சரின்னுட்டா'ன்னு உங்கப்பா சொன்னாரு. நம்பிட்டேன்."

"எங்கிட்ட நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமே ஃபாதர்."

"பண்ணியிருக்கணும்." தலையைச் சொறிந்தார். "சரி விடு. மூணாவது ஓலைய நிறுத்திடறேன். ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம். உங்கப்பாவுக்கும் தலகுனிவு வராது."

"ஈஸ்டருக்கு அப்புறமும் எனக்கு வேணாம் ஃபாதர்."

"அதை அப்ப பேசிக்கலாம்மா."

அவள் யோசித்துக்கொண்டே வீடு வந்தாள். தள்ளிவைத்தால் என்ன ஆகும்? போட்ட கயிறு கழுத்திலேயே கிடக்கும். அப்பா மாதா மாதம் போனில் அதை இழுப்பார். ஏப்ரலில் வா என்பார். ஏப்ரலில் வந்தால் அங்கே இடம் போகும். வராவிட்டால், முட்டி போன பெண், சொன்ன வார்த்தையையும் மீறினாள் என்று ஆகும். ஆனாலும் ஃபாதர் பேச்சுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் அந்த வாரத்தை ஓட்டினாள். அதையும் சொல்லிவிடவேண்டும். ரோஷக்காரிதான், ஆனால் சண்டைக்கு அலைகிறவள் இல்லை.

ஞாயிறு வந்தது. ஃபாதர் அறிவிப்புத் தாளை எடுத்தார். அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டம், கல்லறை சுத்தம் செய்வது, பிறகு இது:

"ஜோபின், ரீனா திருமணம், மணமகளின் உடல்நலக் குறைவு காரணமாக உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் தள்ளிவைக்கப்படுகிறது."

ஃபாதருக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். ஆண்கள் பக்கம் பிலவேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டும் சத்தம். முட்டிக் கதை செய்யாரிலிருந்து இங்கேயும் வந்துவிட்டது போல, நாலைந்து தலைகள் திரும்பி ரீனாவின் காலைப் பார்த்தன.

எழுந்துவிட்டாள். அந்தோணியம்மாளின் பிடி இந்தமுறை நிற்கவில்லை.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல ஃபாதர்."

மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்டது. மைதானத்தில் காற்றுக்கு எதிரே கத்திப் பழகிய குரல்.

"ரீனா, அப்புறம் பேசலாம்மா..."

"போன வாரம், தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு நீங்கதான் வாசிச்சீங்க. எனக்குத் தெரியும், சொல்றேன். என்னை யாரும் கேக்கல. நான் சம்மதிக்கல. என் முட்டியும் போகல, நான் ஆட்டத்தையும் விடல. இது தள்ளிவைக்கற கல்யாணம் இல்ல. இல்லாத கல்யாணம்."

அவள் தெருவிலேயே இருக்கிற சின்னம்மா என்கிற கிழவி முன்வரிசையிலிருந்து திரும்பினாள். "அடி உக்காருடி! கோயில்ல பொம்பள இப்டியா கத்துவா?"

"என் பேரை ரெண்டு வாரமா கத்தினாங்களே பாட்டி, அப்ப யாரையும் நீ உக்கார சொல்லலியே!"

பின்னால் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஃபாதர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தாளைப் பார்த்தார். என்ன ஓடியதோ, பிறகு கையை எடுத்தார்.

"பெண்ணின் சம்மதம் இல்லை என்று சபை முன்னால் தெரிவிக்கப்பட்டது. விசாரிக்காமல் வாசித்தது என் தவறு. இந்த ஓலை ரத்து. எழுந்து நிற்போம்."

எல்லோரும் எழுந்தபோது பிலவேந்திரன் இடம் காலியாக இருந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாகப் போயிருந்தார்.

வீட்டில் அந்தோணியம்மாள் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

"இனிமே எந்த மூஞ்சிய வச்சிகினு நான் கோயிலுக்குப் போவேன்?"

"நான் அழுதத ஊருக்கு வித்த மூஞ்சிதான?"

அந்தோணியம்மாள் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. "நான் விக்கலடி. பயந்துகினு உங்கப்பாகிட்ட சொன்னேன். அவ்ளோதான். அவரு அப்டி பண்ணுவாருன்னு..." சொம்பைக் கீழே வைத்தாள். "நெஜமாவே முட்டி சரியா போச்சா?" என்றாள்.

"இதை மொத நாளே கேட்டிருக்கலாம்."

ஆனால் அம்மா எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து காலை நீட்டச் சொன்னபோது நீட்டினாள்.

பிலவேந்திரன் அன்றிலிருந்து மகளோடு பேசவில்லை. மிச்ச நாட்களில் அவள் விடிகிற வேளை அரைக்கால் சட்டையோடு வயல் ரோட்டில் ஓடினாள். சேவூரில் பொம்பளைப்பிள்ளை அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்றே ஓடினாள். சாப்பாட்டுத் தட்டை அப்பா பக்கம் அவள் நகர்த்தினால், அவர் அதை அம்மா பக்கம் நகர்த்தினார். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்கவேண்டும்? பொய் சொன்னவர் அவர்தானே? கிளம்புகிற அன்று அம்மாதான் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள்.

மார்ச் கடைசியில் முதல் ஆட்டம். ரீனா முழு நேரமும் ஆடினாள். மறுநாள் அந்தோணியம்மாள் போன் செய்தாள்.

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம். ஆனா எங்க ஸ்க்ரம் ஒரு தடவ கூட பின்னால போகல."

"அது இன்னாவோ. உங்கப்பா நேத்து டிவில ஒவ்வொரு சேனலா தேடிகினு இருந்தாரு. வரலையே."

"டிவில வராதும்மா. போன்ல பாக்கலாம். லிங்க் கீது."

"அப்ப அனுப்பேன்."

"அவர கேக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. அம்மா போனை விலக்கிப் பேசியது அரைகுறையாகக் கேட்டது. திரும்பி வந்தாள்.

"இங்கதான் கீறாரு. கேக்க மாட்டாராம்."

"அப்ப நானும் அனுப்ப மாட்டேன்."

"ரெண்டு பேரும் ஒரே அச்சு! எங்கிட்ட அனுப்புடி, நான் பாக்கறேன்."

"உனக்கு அனுப்பறேன். அவர் எட்டிப் பாத்தா போனை மூடிடு."

"சரி, சரி" என்றாள் அந்தோணியம்மாள். மூடமாட்டாள் என்பது ரீனாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை அழுத்திச் சொன்னாள்: "மூடிடணும்." பிறகு அனுப்பிவிட்டு, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு இறங்கினாள்.