கதவுக்கு உள்ளிருந்து சொன்ன சம்மதம்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு வரன் முடிவான கதையை என் வீட்டுக்காரி ஊரெல்லாம் கூட்டிச் சொல்கிறாள். நடந்தது இவ்வளவுதான்.

ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் சுமப்பது என் வேலை. ஏரலுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதற்கு முந்தின நாள், கோயில் கொடைத் திருவிழாவில் மிஞ்சிய கறிக்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். விடிந்ததும் வயிற்றால் போக ஆரம்பித்தது. குடிக்கிற தண்ணீர்தானே போகிறது, குடிக்காவிட்டால் எது போகும் என்று வாயைக் கட்டிவிட்டேன். மகளுக்கு அந்த மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே பிடித்திருந்தது. "நல்லபடியா பேசிட்டு வாங்கப்பா" என்று அனுப்பினாள்.

நானும் வீட்டுக்காரியும் போனோம். அங்கே காபி வந்தது. வேண்டாம் என்றேன். மோர் வந்தது. வேண்டாம். தண்ணீர்ச் செம்பு வந்ததும் கும்பிடு போட்டேன். சம்பந்தம் வேண்டாத வீட்டில்தான் எங்கள் பக்கம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா முகம் சுருங்கியது.

"ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கிடாதோ?"

"அப்படியெல்லாம் இல்ல..." மேலே சொல்லக் கூச்சம் விடவில்லை.

"பிடிக்கலேன்னா நேர சொல்லிருங்க. வேற எடத்துலயும் கேக்காவ."

என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ அண்ணாச்சி, இவியளுக்குக் காலையில இருந்து வயித்தால போகுது. வெக்கப்பட்டே சம்பந்தத்தைக் கெடுத்துருவாவ போல!"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரத்தம் போச்சா மாமா? காய்ச்சல் இருக்கா? ஒண்ணுக்குப் போனீங்களா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். தலையை மட்டும் ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னேன்.

"தண்ணிய நிப்பாட்டினாதான் ஆபத்து. போகுத அளவுக்கு உள்ள போணும்" என்றவர், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்துத் தந்தார். "பையக் குடிங்க. ரத்தம் கண்டாலோ, ஒண்ணுக்கே போகலேன்னாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்."

ஒரு டம்ளர் உள்ளே போனதும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து வயிறு கூப்பிட, கொல்லைக்கு ஓடினேன்.

இராகு காலம் நெருங்கிவிட்டது. அவரே வந்து கக்கூஸ் கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, நேரம் போகுது. தட்டைப் பொறவு மாத்திக்கிடலாம். இப்ப வாயால சொன்னாப் போதும். சம்மதந்தானா?"

"சம்மதம்!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. கூடம்வரை கேட்டிருக்க வேண்டும், பெண்கள் குலவை போட்டார்கள். நான் வெளியே வரத்தான் இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

கல்யாணம் ஐப்பசி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.