வால் அறுந்த உடும்பு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கோட்டை மலையின் பாறை. மதியவெயிலில் பாறையும் உடும்பும் ஒரே நிறம். கல்லில் ஒரு துண்டு உருகி மெல்ல வழிந்தால் அது உடும்பு. அதில் ஒன்றுக்கு வால் நுனி அறுந்திருக்கும். அறுபதுகளில், கல்யாணமாகி செஞ்சிக்கு வந்த புதிதில், துணி காயப்போட மாடிக்குப் போய் அதையே பார்த்து நிற்பேன். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாது.

கீழே கடையில் என் வீட்டுக்காரர் மல்லாட்டைக் கடலையோடு உடும்புத் தோலும் வாங்கினார். சீமையில் அந்தத் தோலில் கைப்பை தைக்கிறார்களாம். மெட்ராஸ்காரன் ஒருவன் சொல்லிவிட்டுப் போனான், இவருக்குப் புத்தி அந்தப் பக்கம் போயிற்று.

எதிர்வீடு சமணர் வீடு. அந்த அக்கா எறும்புக்கு வழிவிட்டு நடப்பாள். தோலுக்குப் போகும் உடும்பை உயிரோடு வாங்கி மலையில் விடுவாள். உடும்பு பிடிக்கிறவன் அதையே திரும்பப் பிடித்து வருவான், அதுவும் பொழுது சாயும் நேரம் பார்த்து. இருட்டிவிட்டால் சமணர்கள் சாப்பிடமாட்டார்கள். வாசலில் ஒரு உயிர் கட்டுண்டு கிடந்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது. கேட்டதைக் கொடுத்துவிடுவாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு சாயங்காலம் வால் அறுந்ததைக் கொண்டுவந்தான்.

"எக்கா, இது போன வாரம் நீ வுட்டது தானே?" என்று கத்தினேன்.

"உசுரும்மா. பாத்துட்டு எப்டி சும்மா இருக்கிறது?"

"நீ வாங்கறதாலதான் அவன் புடிக்கிறான்."

பிடிக்கிறவன் சிரித்தான். "உனக்கு இன்னாம்மா வயித்தெரிச்சல்? அந்தம்மா புண்ணியம் வாங்குது, உன் ஊட்டுக்காரரு தோலு வாங்குறாரு. ரெண்டு பேருக்கும் நான் நல்லவன்."

"மலை பூரா உடும்புதான், தீந்தா போயிடும்?" கடைக்குள்ளிருந்து இவர் குரல். "நான் இன்னா கொல்றேனா?"

"இல்ல, அதுவே தோல உரிச்சிக்கிட்டு வந்து உங்க தராசுல படுத்துக்குது!"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். "வாங்கலப்பா. அவுத்து வுடு. இல்லன்னா நானும் சாப்டல."

அவன் நம்பவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு மலையைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். வெயில் அடிவாரத்தை விட்டுக் கல் கல்லாக மேலே ஏறிற்று. உச்சி மட்டும் கொஞ்ச நேரம் மஞ்சளாக மிதந்தது. உடும்பு நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் தொட்டது. உள்ளே வடித்த சோற்றின் வாசம் ஆறிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டது.

அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தான். நான் இரண்டு நிலைக்காலையும் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றேன்.

"தள்ளு" என்றார் இவர்.

"மாட்டேன்."

"ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று சொல்லிவிட்டு அவன் கடைத்தெருவுக்குள் போய்விட்டான்.

அக்கா அன்று பட்டினி. அதன்பிறகு அவன் அவள் வாசலுக்கு வரவில்லை. நான் சொன்னது சரி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆனாலும் மதியத்தில் மாடிக்குப் போவேன். பாறை மெல்ல வழியும். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் உடும்பு இல்லை, கானல்.