செவ்வரத்தை நடந்த தூரம்

பத்து வயதில் என் மாமியின் தண்ணீரை நான் பறித்தேன். மாமி, என் தகப்பனாரின் தமக்கை, கைம்பெண். பக்கத்து வளவில் தனியே இருந்தார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

காரணம் கோபம். மாமியின் கோழி முட்டைகள் காணாமற் போயின. “உவன்தான் எடுத்தவன். முழியைப் பாருங்கோ” என்று வாசற் படலையில் நின்று ஊர் கேட்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. தகப்பனார் விசாரிக்கவுமில்லை, பூவரசங் கம்பு முறியும்வரை அடித்தார். முட்டை குடித்தது சாரைப்பாம்பு என்று அடுத்த கிழமை தெரிந்தது. மாமி சிரித்தார். “சரி, இனி எடுக்கப்போறதுக்கு இப்பவே வாங்கிப்போட்டாய் எண்டு வை.” அந்தச் சிரிப்பு முதுகுத் தழும்பைவிட எரிந்தது.

இரண்டு வளவுக்கும் நடுவே வேலி இல்லை. ‘பனையிலிருந்து செவ்வரத்தை மட்டும்’ என்று பாட்டனார் வாயால் சொல்லிவிட்டுப் போனதே எல்லை. தை பிறந்ததும் வேலி அடைப்பதாகப் பேச்சு. அந்தச் செவ்வரத்தைக்கு எவரும் தண்ணீர் ஊற்றியதில்லை, எரு வைத்ததில்லை. ஆடு கடித்தாலும் தழைக்கும், கோடையிலும் பூக்கும். பராமரிப்பு வேண்டாத செடியை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? அது நின்ற இடத்தைச் சத்தியம் பண்ணிச் சொல்ல ஒருவரும் இல்லை என்று நினைத்தேன்.

கார்த்திகை மழையில் மாமி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கரவெட்டிக்குப் போனார். தகப்பனார் புகையிலைத் தோட்டத்தில் இருந்தார். செம்மண் கூழாகக் கிடந்தது. செடியை வேரோடு கிளப்பி, மாமியின் வளவுக்குள் மூன்று எட்டு வைக்கும் தூரம் தள்ளி நட்டேன். பழைய குழியை மூடிச் சருகு பரப்பினேன். இலையெல்லாம் கொட்டியபோது பட்டுவிடும் என்று பயந்தேன். தை மாதம் மாமி திரும்பியபோது ஒன்றும் நடவாததுபோல் பூத்து நின்றது.

மாமி கொதித்துப்போனார். “செடிக்குக் கால் முளைச்சதோ, தம்பி?” என்று தகப்பனாரைக் கேட்டார். எல்லையைத் தீர்க்க ஊர் அதிகாரியான விதானையார் வந்தார். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார். பொய் சொல்லாதே என்று அன்று காலைதான் மிசன் பள்ளிக்கூடத்தில் பத்துத் தரம் எழுதியிருந்தேன்.

“ஓம், எப்பவும் உதிலைதான் நிண்டது.”

தகப்பனார் தலை நிமிரவில்லை. வேலி அந்தச் செடியை ஒட்டியே அடைபட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றுக்கு மாமி நடந்த பாதை அந்த மூன்று எட்டுக்குள் கிடந்ததை நான் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து அவர் வெளியே ஒழுங்கைத் தெருவைச் சுற்றிப்போய் அயலார் கிணற்றில் அள்ளினார். வெறுங்குடத்தோடு போகும்போதெல்லாம் வேலிக்கு மேலால் குரல் வரும்: “குடியுங்கோ, வயிறு முட்டக் குடியுங்கோ.”

பதினைந்து வருடங்கள். தகப்பனார் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் வேலியைப் பிடுங்கினேன். செவ்வரத்தையில் ஒரு தடி வெட்டிப் பழைய இடத்தில் ஊன்றினேன். தண்ணீரோடு வந்த மாமியை மறித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“பாதை திறந்தாச்சு. வாங்கோ மாமி.”

அவர் குடத்தை இறக்கவில்லை.

“பத்து வயசுப் பொடியன் செடியைத்தான் நட்டவன். உன்ரை கொப்பன் பிறந்த நாள் தொட்டு அந்தச் செடியைத் தாண்டித்தான் கிணத்தடிக்குப் போனவன். அவனுக்குத் தெரியாதோ? வேலியை அடைச்சது என்ரை கூடப்பிறந்தவன்.”

விதானையார் முன் தகப்பனார் ஏன் குனிந்து நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முட்டைக்காக என்னை அடித்த மனிதர், மூன்று எட்டு மண்ணுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். செத்தவரோடு யார் சண்டை பிடிப்பது?

தடி தளிர்த்தது, பூத்தது. மாமி சாகும்வரை ஒழுங்கையைச் சுற்றியே போனார். திறந்த பாதையில் புல் மண்டியது.