இரும்புப் பாலத்தில் முதலில் ஏறியவள்

போன தவக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன், சகோதர சகோதரிகளே.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில், கோழித் தீவனத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மூட்டைகளைக் கொண்டு போகும் கன்வேயர் பெல்ட் எங்கள் இடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடும். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் முழுவதும் சுற்றி வர வேண்டும். யார் சுற்றுவது? பெல்ட் நின்றதும் எல்லோரும் ஏறித் தாண்டிவிடுவோம். நான் மட்டும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தாண்டுவேன். என் விசுவாசத்தில் எனக்கு அவ்வளவு பெருமை!

அன்று கால் வைத்ததுமே பெல்ட் ஓட ஆரம்பித்தது. விழுந்தேன். பெல்ட்டின் முனையில் சுழலும் உருளையை நோக்கி என்னை இழுத்துக்கொண்டு போனது. "மாதாவே!" என்று கத்தினேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை. சட்டென்று பெல்ட் நின்றது. கூட வேலை செய்யும் லெட்சுமி பெல்ட்டை நிறுத்தும் அவசரக் கயிற்றை இழுத்திருந்தாள். என் காலுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"சாமி கும்பிட்டுட்டு நெருப்புல கைய வைப்பீங்களாக்கா?" அழுதுகொண்டே திட்டினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. என் சோம்பேறித்தனத்துக்குக் கடவுளைக் காவல் வைத்திருக்கிறேன்.

ஒன்பது நாள் மாதாவுக்கு நவநாள் ஜெபம் செய்தேன். பேசத் தைரியம் தாரும் தாயே என்று அது ஒன்றைத்தான் கேட்டேன். பத்தாம் நாள், மூன்றாம் படிவம் மட்டுமே படித்த நான் மேனேஜர் முன்னால் நின்றேன். அவரும் தமிழர்தான்.

"பாஸ், இனிமே நான் பெல்ட்ட தாண்டமாட்டேன். சுத்தித்தான் போவேன். மேல பாலம் போட்டுக் குடுங்க."

"வேல லேட்டாகும்லா, அக்கா."

"ஆகட்டும் பாஸ். கால் போனா திரும்ப வருமா?"

என் குரல் நடுங்கவில்லை. அன்று சுற்றி நடந்தது நான் ஒருத்திதான். மறுநாள் லெட்சுமியும் வந்தாள். வாரக் கடைசிக்குள் எல்லோரும் சுற்றி நடந்தார்கள். வேலையும் தாமதமானது. அடுத்த மாதமே பெல்ட்டுக்கு மேலே இரும்புப் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி. மேனேஜர் என்னைத்தான் முதலில் ஏறச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், மகாராணி மாதிரி ஏறினேன்!

உங்கள் வேலையிடத்திலும் ஆபத்து இருக்கலாம். ஆண்டவரிடம் பாதுகாப்பு மட்டும் கேட்காதீர்கள். வாய் திறக்கும் தைரியத்தையும் கேளுங்கள். எனக்கே கொடுத்தவர் உங்களுக்குக் கொடுக்கமாட்டாரா?

தினமும் நாற்பது பேர் அந்தப் பாலத்தில் ஏறி இறங்குகிறார்கள். நாற்பது பேரும் முழுசாக வீடு போய்ச் சேருகிறார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுந்து நின்றேன்.