பவளத்தின் சளி

சபீஹா கடல் பாக்டீரியாக்களை ஆராய்கிறவள். வீடு நெய்வேலி டவுன்ஷிப்பில், தந்தைக்குச் சுரங்க வேலையில் கிடைத்த குவார்ட்டர்ஸ். காலையில் பஸ் ஏறிக் குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலோர ஆய்வகத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவாள். அவளுக்கு நீந்தத் தெரியாது.

போன வருடக் கோடையில் மண்டபம் ஊரை ஒட்டிய கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. ஒன்று மட்டும் பழுப்பு மாறாமல் நின்றது. பவளத்தின் மேல் சளி போல ஒரு படலம் உண்டு. அதில் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக வாழும். சில, நோய்க்கிருமிகளை அண்டவிடாதவை. அந்தப் பவளத்தின் சளியை முக்குளிக்கிறவர் ஒருவர் ஊசிக்குழாயில் உறிஞ்சி எடுத்துத் தந்தார். சபீஹா அதிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தாள். மழைக்காலத்தில் அந்தப் பவளமும் செத்தது. இனி அங்கே போய் எடுக்க ஒன்றும் இல்லை.

இந்த வருடம் பக்ரீத் நெருங்கும்போது ஆய்வகத்து மின்மாற்றி எரிந்தது. உறைபெட்டியில் சேமித்தவை கெட்டன. சோதனைக் குழாய்களில் வளர்ந்திருந்தவை மட்டும் மிஞ்சின. பாதுகாப்புத் திரவம் சேர்க்காத இவை குளிர்ந்திருக்கலாம், உறையக் கூடாது என்றார் ஆய்வு வழிகாட்டி. டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். சபீஹா குழாய்களை டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

"என்ன அது?" என்றாள் அம்மா முனவரா.

"பவளத்துச் சளிம்மா. அதுல பாக்டீரியா இருக்கு."

"சளியா? நாளைக்கு குர்பானி கறி வைக்கிற ஃபிரிட்ஜுல சளியா?"

"மூடிதாம்மா இருக்கு."

"செருப்பு டப்பாகூட மூடிதான் இருக்குது. அத உள்ள வைப்பேனா?"

அம்மா தொழுதுகொண்டிருந்தபோது சபீஹா டிபன் பாக்ஸைக் கறுப்பு கவரில் சுற்றி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பின்பக்கம் தள்ளி வைத்தாள்.

மறுநாள் கறியை மூன்று பங்காகப் பிரித்தார்கள். சொந்தத்துக்கும் சிநேகிதத்துக்கும் போக வேண்டியதை முனவரா கறுப்பு கவர்களில் கட்டி அதே தட்டில் அடுக்கினாள். இவ்வளவு கறியை ஃபிரிட்ஜ் தாங்காதென்று குளிர் கூட்டும் திருகையும் கடைசிவரை திருப்பி வைத்தாள். சாயங்காலம் சபீஹாவின் அத்தா மீரான் மைதீன் கவர்களை எடுத்துப் போய் வீடு வீடாகக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை சபீஹா தேடியபோது அவளுடைய கவர் இல்லை.

"டப்பா மாதிரி ஒண்ணு இருந்துச்சு," என்றார் மீரான் மைதீன். "உங்கம்மா ஈரலத் தனியா வச்சிருக்கான்னு நெனச்சேன். அதான் சின்னதுரைக்குக் குடுத்தேன்."

சின்னதுரை அவரோடு கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்ப்பவர். வீடு காடாம்புலியூரில். சபீஹா போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"இன்னா பாய், இந்த வருஷம் ஈரலு கண்ணாடிக் குழாயில வந்துகினு கீது?"

"அங்கிள், நான் சபீஹா. தொறந்தீங்களா?"

"நான் தொறக்கலம்மா. வூட்டுல ஒண்ணத் தொறந்து மோந்து பாத்துது."

ஸ்கூட்டரில் தந்தையின் பின்னால் உட்கார்ந்து போனாள். நடுவில் ஒரு தடவை, "நீ சொல்லியிருக்கலாமே" என்றார் அவர்.

சின்னதுரையின் மனைவி கஸ்தூரியம்மாள் அவளை நேரே தண்ணீர்ப் பானையிடம் கூட்டிப் போனார். பானைக்கு அடியில் ஈர மணலில் குழாய்கள் வரிசையாகச் செருகியிருந்தன.

"மாட்டு ஊசி மருந்துன்னு நெனச்சிட்டேன் பாப்பா. எங்க வூட்டு ஃபிரிட்ஜு ஓடல. வெயில்ல கெட்டுப்பூடுமேன்னு இங்க சொருவுனேன். ஒண்ணத் தொறந்தா கருவாட்டு நாத்தம். மூடிட்டேன்."

"வாயில வைக்கலியே பெரியம்மா?"

"அடிப்பாவி! கருவாடுன்னாலும் கொழம்பு வச்சுத்தான் திம்போம்."

சின்னதுரை மீரான் மைதீனைப் பார்த்தார். "அது சரி பாய், எங்க கறி?"

மீரான் மைதீன் கையோடு கொண்டுவந்திருந்த கவரை நீட்டினார். கஸ்தூரியம்மாள் வாங்கித் திண்டாடினார். "இன்னாது, கருங்கல்லாட்டம் கீது!"

சபீஹா தொட்டுப் பார்த்தாள். கறி பாறையாக உறைந்திருந்தது.

"அத்தா, இது எந்தத் தட்டுல இருந்துச்சு?"

"கீழ்த்தட்டுலதான். பின்னாடி."

கவர் மாறிப் போகாமலிருந்தால் குழாய்களும் ராத்திரி முழுக்க அங்கேயே இருந்து உறைந்திருக்கும். சபீஹா பானை பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கஸ்தூரியம்மாள் பயந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள்.

ஆய்வகத்தில் கரண்ட் வந்ததும் ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, உயிரிருந்தால் வளரட்டுமென்று புது வளர்ப்புத் தட்டுகளில் கோடிழுத்தாள். அதன் பிறகு சோறு சரியாக இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது திறந்த குழாயின் தட்டில் பூஞ்சைதான் படர்ந்திருந்தது. மற்றவற்றில் கோடு நெடுக வெண்மையும் மஞ்சளுமாகச் சின்னப் புள்ளிகள் எழுந்திருந்தன.

வீட்டுக்குப் போன் செய்தாள்.

"உசுரோட இருக்கும்மா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் முனவரா. பிறகு, "எது, அந்தச் சளியா?"

"சளிதான்."

"சரி, இப்பவாவது சாப்புடு."

சபீஹா கைகழுவிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.